மதியச் சாப்பாட்டுக்கு ஒரு வெளியூர்க்காரர்

மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறி வருகிற பொதிகழுதைகளும் கங்காணிகளும் காப்பித் தோட்டத்துத் துரைமார்களும் இனி ஓர் அடி வைக்க முடியாது என்று மூச்சு வாங்கி நின்றுவிடுகிற கடைசி வளைவில், சோலைமட்டம் என்கிற ஊர் தொடங்குகிற இடத்தில், யாக்கோப் என்ற ஜெர்மன் கல்தச்சரும் அவர் மனைவி கத்தரீனாவும் ஆறு வருஷம் பாடுபட்டுக் கட்டிய கல்சத்திரம் இருந்தது. அதற்கு ஏழு அறைகள், நடுவில் ஒரு சாப்பாட்டுக் கூடம், இரண்டு முழக் கனத்தில் சுவர், வாசல் நிலைக்கு மேலே கல்லில் செதுக்கிய ஒரு ரொட்டி. மத்தியானம் தேயிலை ஆலையின் சங்கு ஊதி ஓய்வதற்குள் வெளியூர்க்காரர் ஒருவராவது அந்தக் கூடத்தில் உட்கார்ந்து சோற்றில் கை வைக்காவிட்டால், சத்திரம் தரையை விட்டு எழும்பிவிடும்.

எழும்பும் என்றால் இடித்துக் குலுங்கிக்கொண்டு அல்ல. உலை கொதித்தால் பானை மூடி எழும்புமே, அந்தச் சத்தம்கூட இருக்காது. அடித்தளக் கல்லோடு, கல்லில் ஒட்டிய பாசியோடு, கல்லுக்கடியில் குடியிருந்த மண்புழுக்கள் நெளிந்து நெளிந்து உதிர, ஒரு முழம் எழும்பி அப்படியே நிற்கும். மறுநாளும் ஆள் கிடைக்காவிட்டால் இன்னும் இரண்டு முழம். வெளியூர்க்காரர் யாராவது ஏணி வைத்து ஏறிப்போய்ச் சாப்பிட்டு ஏப்பம் விட்டால், அலமாரியில் ஒரு தம்ளர்கூட உருளாமல் பழைய பள்ளத்திலேயே வந்து உட்காரும். ஏன் இப்படி என்று ஊரில் யாரும் பெரிதாகக் கேட்டதில்லை. சில ஊரில் தண்ணீர் உப்பு, சில ஊரில் குரங்குத் தொல்லை, நம் ஊரில் சத்திரம் எழும்புகிறது என்று இருந்துவிட்டார்கள்.

அந்தக் குடும்பத்தில் சத்திரத்தோடு கடைசியாக மிஞ்சியவள் ஒட்டிலி. யாக்கோபின் பேரனுக்கு மகள். எழுபது வயது, வெயிலில் ஐந்து நிமிஷம் நின்றால் மூக்கு சிவந்துவிடும், கண் வெளிறிய பச்சை, வாயைத் திறந்தால் மட்டும் சோலைமட்டத்துச் சந்தையில் கேரட் விற்கிற பெண்களின் அதே பேச்சு. சத்திரத்தின் சரித்திரம் முழுவதையும் அவள் தன் அப்பாவிடம் கேட்டிருந்தாள். மழைக்காலத்தில் சமையலறை அடுப்பருகே உட்கார்ந்து, முட்டைக்கோசை ஊறப்போடுவதற்காகப் பொடிப்பொடியாக நறுக்கிக்கொண்டே அவர் சொல்வார், அவள் உப்புப் போட்டுப் பிசைந்துகொண்டே கேட்பாள். இப்போதும் முட்டைக்கோஸ் நறுக்குகிற வாசனை வந்தால் அவளுக்கு அப்பாவின் குரல் காதில் கேட்கும், கண் கலங்கும், வெங்காயமில்லாமலே கலங்கும்.

யாக்கோபும் கத்தரீனாவும் ஜெர்மனியில் திராட்சைக் கொடிகளெல்லாம் பூச்சி விழுந்து பட்டுப்போன ஒரு மேட்டுக் கிராமத்திலிருந்து, மாதா கோயில் ஒன்று கட்டுவதற்காகக் கப்பலேறி வந்தவர்கள். கோயில் முடிந்தது, கூட வந்தவர்கள் திரும்பிப் போனார்கள், இவர்கள் போகவில்லை. காலையில் கதவைத் திறந்ததும் மூக்கில் ஏறுகிற இந்தக் குளிர் தன் ஊர்க் குளிரைப்போலவே இருக்கிறது என்று கத்தரீனா சொன்னாராம். அந்த ஒரு வார்த்தைக்காக யாக்கோப் பாறையை உடைத்து உடைத்து, ஒவ்வொரு கல்லையும் தன் கையாலேயே சதுரித்து, சத்திரத்தை எழுப்பினாராம். கூடவே அவர்கள் ஊர்ச் சட்டம் ஒன்றையும் கொண்டுவந்திருந்தார்கள். சத்திரம் நடத்துகிற குடும்பம் விருந்தாளியின் மேஜையில் உட்காரக் கூடாது. விருந்தாளி உண்டு கை கழுவிய பிறகு, பின்னால் தனியாக இருக்கிற சமையலறையில்தான் சாப்பிட வேண்டும். நாலு தலைமுறையாக அந்தச் சட்டத்தை யாரும் மீறவில்லை.

முதன்முதலில் சத்திரம் எழும்பியது ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டாம் வருஷத்து ஐப்பசி மழையில். பாதை சரிந்து மூன்று நாள் விருந்தாளியே வரவில்லை. சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்த கத்தரீனா, தன் வீட்டுக்கும் தரைக்கும் நடுவே மறுபக்கத்து மலை தெரிவதைப் பார்த்து, ஜெர்மன் பாஷையில் ஏதோ சொன்னார். வீட்டுக்குப் பசிக்கிறது என்றுதான் அவர் சொன்னார் என்று கழுதைக்காரர் ஒருவர் சாகிறவரை சாதித்தார், அவருக்கு ஜெர்மன் பாஷை தெரியாது என்பது வேறு விஷயம். நாலாம் நாள் சரிந்த மண்ணைத் தாண்டி ஒரு கருவாட்டு வியாபாரி வந்து சேர்ந்தார். அவரை ஏணியில் ஏற்றி, ரொட்டியும் கிழங்குச் சாறும் கொடுத்து உட்காரவைத்ததும் வீடு இறங்கிவிட்டது. இரண்டு வருஷம் கழித்து யுத்தம் வந்து, ஜெர்மன்காரர்களெல்லாம் எதிரிகள் என்று சர்க்கார் சொல்லி, யாக்கோபை முகாமுக்குக் கொண்டுபோகப் போலீஸ்காரர்கள் இரண்டு பேர் வந்தபோது, முதலில் சாப்பிடுங்கள் என்று ஊரே அவர்களைக் கூடத்தில் உட்காரவைத்தது. அவர்கள் வெளியூர்க்காரர்கள் அல்லவா. வீடு அசையாமல் நின்றது, அவர்கள் வயிறு நிறைய உண்டுவிட்டு யாக்கோபைக் கூட்டிப்போனார்கள். ஐந்து வருஷம் கழித்து அவர் பல்லெல்லாம் கொட்டித் திரும்பி வந்தார்.

சத்திரம் எழும்பினால் ஊருக்கென்ன என்று கேட்கலாம். வாஸ்தவம்தான், ஆரம்பத்தில் ஊருக்கு ஒன்றுமில்லை. வீட்டுக்கடியில் நிழல் கிடைத்ததென்று பெண்கள் மிளகாய்கூடக் காயப்போட்டார்கள். ஆனால் ஊரின் முதல் பள்ளிக்கூடம் நடந்தது சத்திரத்து ஏழாம் நம்பர் அறையில். பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி போகிற வழியில் மழை மறித்தபோதெல்லாம் பிள்ளைகள் பிறந்தது மூன்றாம் நம்பர் அறையில். பெண் பார்க்க வருகிறவர்களை இறக்கிவைத்தது, காலரா வந்த வருஷம் படுக்க வைத்தது, ஓட்டுப்பெட்டி வைத்தது எல்லாம் அங்கேதான். அந்த வீடு ஒரு நாள் கைக்கெட்டாத உயரத்துக்குப் போய்விட்டால் தங்கள் பாதி வாழ்க்கையும் அதோடு போய்விடும் என்று ஊருக்குப் புரிய ஒரு தலைமுறை ஆயிற்று. புரிந்த பிறகு முறை வைத்துவிட்டார்கள். வாய்க்காலில் தண்ணீருக்கு முறை வைப்பதில்லையா, அதைப்போல் திங்கள் மேலத்தெரு, செவ்வாய் சோலைத்தெரு என்று தெருவுக்கு ஒரு நாள். அன்றைக்கு ஒரு வெளியூர்க்காரரைப் பிடித்துவந்து மதியம் உட்காரவைப்பது அந்தத் தெருவின் பொறுப்பு. சந்தை நாளைப் பற்றிக் கவலையில்லை, அன்றைக்கு வியாபாரிகள் தாமாகவே வந்து விழுவார்கள்.

மற்ற ஊர்களில் இன்சூரன்ஸ் ஏஜெண்டைக் கண்டால் கதவைச் சாத்துவார்கள். சோலைமட்டத்தில் கையைப் பிடித்து இழுப்பார்கள். வளையல்காரர், பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர், சாதிச் சான்றிதழ் விசாரிக்க வந்த ஆர்.ஐ., ஆடு மேய்த்துக்கொண்டு வழிதவறியவர், கடன் வசூலிக்க வந்தவர் என்று அந்த மேஜையில் உட்காராத மனிதரில்லை. விருந்துபசாரத்துக்குச் சோலைமட்டம் பேர்போன ஊர் என்று கீழ்நாட்டில் இன்றைக்கும் சொல்வார்கள். அதில் எவ்வளவு பாசம், எவ்வளவு பயம் என்று ஊர்க்காரர்களே பிரித்துப் பார்த்ததில்லை. நூறு வருஷம் பழகினால் இரண்டும் ஒன்றாகிவிடும்போலிருக்கிறது.

ஒட்டிலியின் அம்மா ஞானசுந்தரிகூட அப்படி வந்தவர்தான். நாசரேத்திலிருந்து டீச்சர் வேலைக்கு வந்து, இரண்டு வருஷம் தினமும் மதியம் அந்தக் கூடத்தில் சாப்பிட்டு, தன்னந்தனியாக வீட்டைத் தரையில் பிடித்துவைத்தவர். அந்த இரண்டு வருஷம் ஆறு தெருக்களும் காலை நீட்டிப் படுத்தன. பிறகு பரிமாறுகிற கைக்கும் சாப்பிடுகிற கைக்கும் இடையில் ஏதோ நடந்து, சத்திரக்காரர் மகன் பிரெடரிக்கை அவர் கல்யாணம் செய்துகொண்டு சமையலறைப் பக்கம் போய்விட்டார். கல்யாணத்தில் ஊரே வாழ்த்திவிட்டு, நம்பகமான வெளியூர்க்காரி ஒருத்தி போய்விட்டாளே என்று உள்ளுக்குள் வருத்தப்பட்டது.

யார் வெளியூர், யார் உள்ளூர் என்று தீர்ப்புச் சொன்னதும் வீடுதான். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்த போஸ்ட் மாஸ்டர் வைத்தியநாதன், நாலு வருஷம் மேலத்தெருவின் ஆஸ்தான விருந்தாளியாக இருந்தவர், ஒரு திங்கட்கிழமை ரசத்துக்கு வரும்போது ஜன்னலுக்கு வெளியே வேலி கீழே இறங்குவதைப் பார்த்தார். வீடு எழும்பிக்கொண்டிருந்தது. அவர் கையை உதறிவிட்டுக் குழந்தைபோல் அழுதார், மறுநாளே மாற்றல் கேட்டு எழுதிய மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டார். சத்திரத்துக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கிற தேவாத்தாள் விஷயம் இன்னும் பெரிது. அவள் கோபிச்செட்டிபாளையத்துப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்து பதினெட்டு வருஷமாகியும், வந்தவளுக்கு என்ன தெரியும் என்கிற ஒரே பேச்சை மாமியார் விடவில்லை. ஒரு நாள் தேவாத்தாள் விறுவிறுவென்று நடந்துபோய்க் கூடத்தில் உட்கார்ந்து, ஒரு தட்டுக் களியைப் போட்டுக்கொண்டு, சங்கு ஊதும்போது முதல் வாய் வைத்தாள். வீடு இரண்டு முழம் எழும்பியது. ஜன்னல் வழியாகக் குனிந்து, கீழே நின்ற மாமியாரைப் பார்த்து, "நல்லாப் பாத்துக்குங்கத்தே" என்று சொல்லிவிட்டு மிச்சக் களியையும் சாப்பிட்டாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அந்தப் பேச்சில்லை.

அதிலிருந்து இது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. மருமகள்களும் வீட்டோடு வந்த மாப்பிள்ளைகளும் மனதில் தைரியம் வந்த ஒரு நாளில் போய் உட்காருவார்கள். எழும்பிவிட்டால் அன்றைக்கு அந்த வீட்டில் பாயசம். பிறகு நிஜமான வெளியூர்க்காரர் ஒருவரைத் தேடிப்பிடித்து வீட்டை இறக்கவேண்டும், அதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை.

இத்தனை பேர் உட்கார்ந்து எழுந்த அந்த மேஜையில் ஒட்டிலி உட்கார்ந்ததே இல்லை. தினமும் துடைத்தாள், தினமும் பரிமாறினாள், வீடு எழும்பிய நாட்களில் ஏணியில் ஏறிப்போய்ப் பெருக்கினாள். சாப்பாடு மட்டும் சமையலறையில். ஊர் அவளை எங்கேயும் குறைவாக நடத்தியதில்லை, அங்கேதான் வினையே இருந்தது. கொங்குநாட்டு மரியாதை என்றால் சும்மாவா. கல்யாண வீட்டில் எல்லோரும் பாயில் வட்டமாக உட்கார்ந்து பூக்கட்டிக்கொண்டு ஊர்வம்பு பேசும்போது, அவளுக்கு மட்டும் ஒரு நாற்காலியைத் துடைத்துப் போடுவார்கள். முதல் பந்தியில் முதல் இலை அவளுக்கு. இழவு வீட்டுக்குப் போனால் அழுதுகொண்டிருக்கிறவர்கள் அழுகையை நிறுத்திவிட்டு, "வாங்கம்மா, காப்பி சாப்புடறீங்ளா?" என்பார்கள். அடுப்படியில் நாலு பெண்கள் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள். இவள் தலையைக் கண்டதும் சண்டை நின்றுவிடும். நாற்பது வருஷமாக அவளுக்குச் சமையலில் கைகொடுக்கிற, அவள் காய்ச்சலில் கிடந்தபோது கூடவே படுத்துக்கிடந்த தேவாத்தாளே, "நீங்க உக்காருங்கம்மா, நானு பாத்துக்கறனுங்க" என்பதைத் தாண்டி வந்ததில்லை. ஒட்டிலிக்கு யாராவது தன்னை ஒருமுறை நன்றாகத் திட்டினால் தேவலை என்றிருந்தது. திட்டுவதற்கு ஆளில்லாதவர்கள் எவ்வளவு தனியாக இருக்கிறார்கள் என்று அவளுக்குத்தான் தெரியும்.

எழுபத்து நாலாம் வருஷம் தன் மனதில் பட்ட காயத்தை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அவளுக்கு அப்போது இருபது வயது. மாரியம்மன் கோயில் முன்னால் ஊர்க்கூட்டம். அன்றைய பஞ்சாயத்துத் தலைவர் நஞ்சப்பன் கெட்டிக்காரர், எதையும் சுருக்கமாக முடிக்கப் பார்ப்பவர். "ஏனுங்க, இந்த முறை, ஆள் புடிக்கறது, அலையறதெல்லாம் எதுக்குங்க? நம்ம ஒட்டிலியம்மிணி தினோம் மத்தியானம் அங்க உக்காந்து ஒரு வாய் சாப்புட்டா வூடு பாட்டுக்கு நிக்குமுங்கல்ல" என்றார். கூட்டமே தலையாட்டியது. இத்தனை நாள் இது தோன்றவில்லையே என்று ஆச்சரியப்பட்டது. அவள் எப்படி வெளியூர் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. கூட்டத்தின் ஓரத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவளுக்கு முகம் பற்றி எரிந்தது. சத்திரக்காரர் விருந்தாளி மேஜையில் உட்காரக் கூடாது, அது எங்கள் தாத்தா சட்டம் என்று அப்பா எழுந்து சொன்னார், பேச்சு அதோடு முடிந்தது. பல வருஷம் கழித்து, படுக்கையில் விழுந்த பிறகு, அப்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "சட்டமெல்லாம் ஒண்ணுமில்ல கண்ணு. எனக்கு உக்காந்து பாக்கப் பயமா இருந்துச்சு" என்றார். அவளுக்கும் அதே பயம்தான். உட்கார்ந்து, வீடு எழும்பாமல் இருந்துவிட்டால், நாலு தலைமுறை இந்த ஊரில் விருந்தாளியாகவே வாழ்ந்து செத்தது என்று ஆகிவிடும்.

இப்படி இருக்கும்போதுதான் ஆற்றின் மறுகரையில் புதுச் சாலை போட்டார்கள். கார்களெல்லாம் அந்தப் பக்கமே போயின, அங்கே கண்ணாடி கண்ணாடியாக விடுதிகள் முளைத்தன. சோலைமட்டத்துக்குக் காலையில் ஒரு பஸ், சாயந்திரம் ஒரு பஸ். வளையல்காரர்கள் வருவதில்லை, இன்சூரன்ஸ் போனிலேயே முடிகிறது. தெருக்கள் முறை தவறின, வீடு மாதத்தில் பத்து நாள் அந்தரத்தில் நின்றது. அந்தச் சமயத்தில் ஜெர்மனியிலிருந்து கிளாராவின் கடிதம் வந்தது. கிளாரா ஒட்டிலியின் சித்தப்பா பேத்தி, அந்தச் சித்தப்பா இளவயதிலேயே ஜெர்மனிக்குப் போய்விட்டவர். இவளைவிட முப்பது வயது சின்னவள், இரண்டு தடவை வந்து தங்கி முட்டைக்கோஸ் ஊறலை அடித்துச் சாப்பிட்டுப் போனவள். தனியாக எதற்குக் கஷ்டப்படுகிறீர்கள், முழங்கால் வலிக்கு இங்கே நல்ல டாக்டர் இருக்கிறார், கீழ்த்தளத்தில் உங்களுக்கு ஓர் அறை ஒழித்து வைத்திருக்கிறேன், நம் ஊருக்கே வந்துவிடுங்கள் என்று எழுதியிருந்தாள். நம் ஊர் என்ற இடத்தில் ஒட்டிலியின் விரல் நின்றுவிட்டது. தைப்பொங்கலுக்குள் பதில் சொல்லவேண்டும். எந்த ஊர் தன் ஊர் என்று தெரியாமல் என்ன பதில் எழுதுவது என்று கடிதத்தை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

ஐப்பசியில் பாதை சரிந்தது. திங்கட்கிழமை பஸ் வரவில்லை. செவ்வாயும் புதனும் வரவில்லை. ஊரில் அகப்பட்ட வெளியூர்க்காரர்களையெல்லாம் ஒவ்வொருவராக ஏணியில் ஏற்றினார்கள். தையற்காரரின் மச்சான் ஏறினார், வந்து ஒரு வருஷம்தான், வீடு எழும்பியது. எட்டு மாதம் முன்பு ராமநாதபுரத்திலிருந்து வந்த நர்ஸ் பாத்திமாவை எல்லோரும் பெரிதாக நம்பியிருந்தார்கள். அவள் தட்டில் கை வைத்ததும் இன்னும் ஒரு முழம் போனது. அந்தப் பெண் மேலேயிருந்து சிரிக்கிறாளா அழுகிறாளா என்று கீழே இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. வெளியூர்க்காரர் என்று ஒருவரும் மிச்சமில்லாமல் ஊரே உள்ளூராகிவிட்டது. அது சந்தோஷப்படவேண்டிய விஷயம்தான், ஆனால் வியாழக்கிழமை காலையில் வீடு மூன்று ஆள் உயரத்தில் இருந்தது, போதாததற்கு இதுவரை செய்யாத ஒரு காரியத்தைச் செய்தது: பள்ளத்தாக்குப் பக்கமாக மெல்ல நகர ஆரம்பித்தது.

நஞ்சப்பன் மகன் குருநாதன்தான் இப்போது தலைவர். மழையில் நனைந்துகொண்டு சமையலறை வாசலில் வந்து நின்றார், பின்னால் ஊர் நின்றது. தேவாத்தாளும் நின்றாள், ஆனால் அவள் ஒட்டிலியைப் பார்க்காமல் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, தப்பா நெனச்சுக்காதீங்க. உங்க தாத்தா சட்டமெல்லாந் தெரியுமுங்க. இன்னைக்கு ஒரு நாளு மட்டும் நீங்க மேல போயி ஒரு வாய் சாப்புட்டீங்கன்னா வூடு எறங்கிப்போடுமுங்க. வேற ஆளில்லீங்க" என்றார் குருநாதன்.

"எறங்கும்னு உனக்கு நிச்சயமா தெரியுமா குருநாதா?"

குருநாதன் திரும்பி ஊரைப் பார்த்தார். பின்னால் நின்றவர்களில் யாரோ, "எறங்குமுங்கம்மா, ஏன் எறங்காது" என்று ஆறுதலாகச் சொன்னார்கள். எவ்வளவு மரியாதையாகச் சொன்னார்கள் என்று ஒட்டிலி நினைத்துக்கொண்டாள். ஐம்பது வருஷத்துக்கு முன்னால் எரிந்த அதே இடத்தில் முகம் எரிந்தது.

தூக்குவாளியில் களியும் கிழங்குச் சாறும் முட்டைக்கோஸ் ஊறலும் எடுத்துக்கொண்டாள். மூன்று மூங்கில் ஏணிகளை ஒன்றோடொன்று கட்டியிருந்தார்கள். அவள் இடுப்பில் கயிறு கட்டி, நாலு பேர் ஏணியைப் பிடித்துக்கொள்ள, முழங்கால் ஒவ்வொரு படிக்கும் ஒரு வசவு வைய, ஏறிப்போய்க் கூடத்துக்குள் நுழைந்து, கயிற்றை அவிழ்த்துப் போட்டாள். ஜன்னல்களில் பனிமூட்டம்தான் இருந்தது. வாழ்நாளெல்லாம் துடைத்த மேஜை, அதில் எந்தக் கீறல் எந்த வருஷத்தது என்றுகூட அவளால் சொல்ல முடியும். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். உட்கார்ந்து பார்த்தால் அந்தக் கூடம் வேறு மாதிரி இருந்தது, பெரிதாக இருந்தது, இத்தனை பேருக்கு நான் பரிமாறியிருக்கிறேன் என்று தோன்றியது.

வீடு இறங்கிவிட்டால் வீடு பிழைக்கும். அப்புறம் அவள் கிளாராவுக்கு வருகிறேன் என்று எழுதிவிட்டு விருந்தாளியாகவே விடைபெற்றுப் போகலாம். எழும்பிவிட்டால் வீடு போய்விடும். நல்லவளாக இருந்தால் வீடு இறங்கட்டும் என்றுதான் வேண்டிக்கொள்ளவேண்டும். ஒட்டிலி கண்ணை மூடிப் பார்த்தாள், அவள் மனம் அதை வேண்டவில்லை. கல் கல்லாகச் சதுரித்த யாக்கோபிடம் மன்னிப்புக் கேட்டாள், கத்தரீனாவிடம் கேட்டாள், அப்பாவிடம் கேட்டாள். எழும்பட்டும் என்று கேட்டுக்கொண்டாள். ஆலைச் சங்கு ஊதியது. களியை உருட்டிச் சாற்றில் தோய்த்து வாயில் வைத்தாள்.

ஒன்றும் ஆகவில்லை. சங்கு ஊதி ஓய்ந்தது. அவள் அந்த வாயை விழுங்க முடியாமல் விழுங்கினாள். சரி, நான் விருந்தாளிதான் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள், அழுகை வந்தது, அழுதுகொண்டே இரண்டாவது உருண்டையை எடுத்தாள், சோற்றை வீணாக்கக் கூடாது அல்லவா. அப்போது முதலில் உள்ளங்காலுக்குத்தான் தெரிந்தது. பிறகு தூக்குவாளியின் மூடி மேஜையில் மெல்ல ஆடியது. வெளியே மூன்று ஏணிகளும் சுவரில் உரசிக்கொண்டே சரிந்து விழுகிற சத்தம் கேட்டது.

வீடு எழும்பியது. எந்த மருமகளுக்கும் எந்தப் போஸ்ட் மாஸ்டருக்கும் எழும்பாத மாதிரி, நாலு தலைமுறை சேர்த்து வைத்திருந்ததை ஒரே மூச்சில் கொடுப்பதுபோல எழும்பியது. ஒட்டிலி எச்சில் கையோடு எழுந்து நின்று, மேஜையைப் பிடித்துக்கொண்டு, வாய்விட்டுச் சிரித்தாள்.

கீழே நின்றவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். குருநாதன் அப்படியே ஈர மண்ணில் உட்கார்ந்துவிட்டார். முதலில் கேட்டது தேவாத்தாளின் குரல்தான், டீக்கடையில் கடன் சொல்கிறவர்களை விரட்டுகிற அதே குரல்.

"அடியே ஒட்டிலி, அங்க என்னடி பல்லக் காட்டிட்டு நிக்கற? வூடு பள்ளத்துக்குப் போகுது, உம்பட கண்ணு என்ன பொடனிலயா இருக்குது? எறங்கித் தொலடி!"

அதற்குப் பிறகு ஆளாளுக்குக் கத்தினார்கள். கிறுக்கச்சி என்றார்கள், வயசானா புத்தி போயிருமா என்றார்கள், கல்யாண மண்டபத்து ஜமுக்காளத்தைக் கொண்டுவா என்றார்கள். முப்பது நாற்பது பேர் சுற்றிலும் நின்று ஜமுக்காளத்தை விறைப்பாகப் பிடித்துக்கொண்டு, நகர்ந்து போகிற வீட்டுக்கடியில் ஓடினார்கள். ஒட்டிலி கையைக் கழுவினாள். நிலைக்கல்லில் ஒருமுறை கன்னத்தை வைத்தாள், அது குளிர்ந்து ஈரமாக இருந்தது. அவளுக்கு அந்த வீட்டைவிடப் பிடித்தது உலகத்தில் ஒன்றுமில்லை, அதை அதனிடமே சொன்னாள். பிறகு, "குதிடி, முழங்கால் வலின்னு அங்கயே குந்தீராத" என்று கீழிருந்து வந்த அதட்டலைக் கேட்டுக் குதித்தாள்.

ஜமுக்காளம் தாங்கியது. எழுந்து உட்காருவதற்குள் தேவாத்தாள் முதுகில் ஓர் அறை வைத்தாள், வலிக்கிற அறைதான், பிறகு கட்டிக்கொண்டு அழுதாள்.

வீடு பள்ளத்தாக்கின் விளிம்பைத் தாண்டியது. ஊர் பின்னாலேயே போய் விளிம்பில் நின்றது. அதுதான் மூணாம் நம்பர், எங்க மூத்தவன் பொறந்தது என்றாள் ஒருத்தி. ஏழாம் நம்பர்ல எனக்கு வாத்தியார் வெச்ச குட்டு இன்னும் வலிக்குது என்றார் ஒருவர். பாட்டன் பூட்டன் கதையெல்லாம் வந்தது. பேசப் பேச வீடு சின்னதாகி, கீழ்நாட்டின் மேலே நிற்கிற மேகத்துக்குள் முதலில் கூரை ஓடும், பிறகு ஜன்னல்களும், கடைசியில் அடிக்கல்லும் போய் மறைந்தன. போன திசை மேற்கா கிழக்கா என்றுகூட யாரும் பார்த்துவைக்கவில்லை.

குருநாதன் பக்கத்தில் வந்து நின்றார். "எழும்பாதுன்னு நெனச்சுத்தான் அனுப்புனோம்" என்றார்.

"தெரியும்" என்றாள் ஒட்டிலி.

அவர் தலையைக் குனிந்துகொண்டு அங்கேயே நின்றார். அவள் ரவிக்கையிலிருந்து நனைந்துபோன கடிதத்தை எடுத்துப் பார்த்தாள், எழுத்தெல்லாம் கரைந்திருந்தது. கிளாராவுக்கு வரவில்லை என்று எழுதவேண்டும், நல்லவிதமாக எழுதவேண்டும், அந்தப் பெண் மனது நோகக் கூடாது என்று தேவாத்தாளிடம் சொன்னாள்.

"நாளைக்கு எழுதிக்கலாம். மழ வலுக்குது பாரு" என்று தேவாத்தாள் முந்தானையை இழுத்துத் தலைக்குப் போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் முன்னால் நடந்தாள். "வூட்டுக்கு வா."

ஒட்டிலி போனாள்.